நவீனத்துவக் கட்டடங்கள்: நகரத்தைக் குடியிருக்கத் தக்கதாக ஆக்கினவா, கெடுத்தனவா?

(ஓர் உரையாடல். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே இருப்பது பேசுபவரின் புனைபெயர்.)

வாசல்படி

நவீனத்துவக் கட்டடம், அதாவது இருபதாம் நூற்றாண்டுல அலங்காரம் இல்லாம கான்கிரீட்டும் கண்ணாடியுமா எழுந்த கட்டடம். இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு கட்சி பிரிஞ்சிடுது. ஒரு கட்சிக்கு அது வெறும் சிமென்ட் பெட்டி. இன்னொரு கட்சிக்கு, அதைக் குறை சொல்றவங்க எல்லாம் தூணும் வளைவும் வேணும்னு ஏங்குற பழைய ஆட்கள். ரெண்டு பேரும் முகப்பை மட்டும்தான் பார்க்கிறாங்க.

எனக்கு உறுத்துறது வேற. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்து ப்ரூயிட்-ஐகோ அரசுக் குடியிருப்பு 1950களின் நடுவுல கட்டி முடிஞ்சது, 1972-ல வெடி வெச்சுத் தகர்க்க ஆரம்பிச்சாங்க. லண்டன் பார்பிகன் குடியிருப்பும் அதே வம்சம்தான்: வெறும் கான்கிரீட், உயரமான கோபுரம், தரையை விட்டுத் தூக்கி வெச்ச நடைபாதை. அங்கே குடியிருக்கிறவங்க அதை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டாங்க. பாணி ஒண்ணு, கதி ரெண்டு. அப்போ எதுதான் முடிவு பண்ணுது?

"அழகு அவங்கவங்க கண்ணுல இருக்கு" மாதிரி பதில் வேண்டாம். அளவு, கணக்கு, காரணம் சொல்லுங்க.

முட்டுச்சந்து

கேள்வியைக் கட்டடத்திலிருந்து மனைப்படத்துக்கு, அதாவது எது எங்கே நிற்கிறது என்பதற்கு, நகர்த்துகிறேன். சேதம் அங்கேதான் தொடங்கியது.

1933-இல் நவீனக் கட்டடக்கலைஞர்களின் நாலாவது மாநாடு மார்செய்யிலிருந்து ஏதென்சுக்குப் போன கப்பலில் நடந்தது. அதன் முடிவுகளை நவீனத்துவத்தின் முன்னோடிக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே தன் கைவண்ணத்தோடு 1943-இல் ஏதென்ஸ் சாசனமாக வெளியிட்டார். நகரத்துக்கு நாலே வேலை: வசிப்பு, உழைப்பு, ஓய்வு, போக்குவரத்து. ஒவ்வொன்றுக்கும் தனி இடம். இதைச் சட்டமாக்கிய ஊர்களில், பல்பு ஃபியூஸ் போனால் புதிது வாங்க வண்டி எடுக்க வேண்டும். எட்டுத் திசைக்கும் எட்டாத கடை.

அவர் திட்டமிட்ட சண்டிகரில் ஒரு செக்டர், அதாவது பெருஞ்சாலைகள் சூழ்ந்த ஒரு பகுதி, 800 x 1200 மீட்டர். வீடுகள் உள்பக்கம் திரும்பி நிற்கின்றன, பெருஞ்சாலைப் பக்கம் முதுகு. அதனால் செக்டருக்குள் நடப்பது சுகம், செக்டரின் ஓரமாக நடப்பது தண்டனை. முப்பது நாற்பது அடி நடந்தால் ஒரு வாசல் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கேல் இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறார்: 100 மீட்டர் முகப்பில் 15 முதல் 20 வாசல் இருந்தால் உயிருள்ள தெரு, 2 முதல் 5 என்றால் அலுப்பு, அதற்கும் கீழே போனால் செத்த சுவர். இந்த அளவுகோலில் பாணி என்ற சொல்லே வராது. கண்ணாடிப் பெட்டிக்கும் 15 வாசல் வைக்கலாம், செதுக்குவேலை செய்த கருங்கல் சுவருக்கும் ஒன்றே ஒன்று வைக்கலாம்.

இன்னொன்று, "அடர்த்தி வேண்டும், ஆகவே உயரம் வேண்டும்" என்ற வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனை 100 x 100 மீட்டர். எல்லா மாடியும் சேர்ந்த தளப்பரப்பு மனையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 15,000 சதுர மீட்டர்.

கோபுரமாகக் கட்டினால்: அடிப்பரப்பு 25 x 25 = 625. மாடி 24.

ஓரத்தைச் சுற்றி 12 மீட்டர் ஆழத்தில் வளைத்துக் கட்டினால்: 10,000 கழித்தல் 76 x 76 = 4,224. மாடி மூன்றரை. நாலாக வைத்துக்கொண்டு நுழைவுக்கு இடைவெளி விடலாம். நடுவில் 5,776 சதுர மீட்டர் முற்றம் மிஞ்சும்.

கோபுரத்தைச் சுற்றி மிஞ்சுவது 9,375. எண் பெரிதுதான். ஆனால் அது யாருடைய இடம்? தெருவும் இல்லை, தோட்டமும் இல்லை. புல் வெட்டக் கூலி மட்டும் நிச்சயம். கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை ஆய்வாளர்கள் லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள்: அதே தளப்பரப்பு, அதே ஆழம், உயரம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு.

கான்கிரீட் காதலன்

முட்டுச்சந்து சார், கணக்கு சரி. ஆனா மூலையை மறைச்சிட்டீங்க.

நீங்க வளைச்சுக் கட்டுன கட்டடத்துல நாலு மூலை. ஒவ்வொண்ணும் 12 x 12, 144 சதுர மீட்டர். அந்தச் சதுரம் முற்றத்தைத் தொடுறது ஒரே ஒரு புள்ளியில. தெருப் பக்கம் ரெண்டு ஜன்னல் வரிசை இருக்கும், முற்றத்துப் பக்கம் காற்று போற வழி கிடையாது. நாலு மூலைக்கும் 576, மொத்தத்துல ஏழுல ஒரு பங்கு. மூலைக்குப் பக்கத்து வீடுகள்ல உள்பக்க ஜன்னல் ரெண்டும் ஒண்ணையொண்ணு செங்கோணத்துல பார்க்கும். நீங்க அங்கே துணி உலர்த்துறது அவங்களுக்குத் தெரியும், அவங்க சண்டை உங்களுக்குக் கேட்கும். முற்றம் சத்தத்தையும் பிடிச்சு வெச்சுக்கும், ஒரு பந்து தட்டுனா நாலு சுவருக்கும் போய் வரும்.

உங்க 76 மீட்டர் முற்றம் தாராளம். நிஜத்துல நிலச் சொந்தக்காரன் அவ்வளவு விடமாட்டான். பெர்லின்ல 1853 விதிப்படி முற்றத்துக்குக் குறைந்தபட்ச அளவு 5.34 x 5.34 மீட்டர். தீயணைப்பு வண்டி திரும்புற அளவு அது, அவ்வளவுதான். அஞ்சு மாடி வீடு, நடுவுல கிணறு மாதிரி ஒரு முற்றம், அதுக்குப் பின்னால இன்னொண்ணு, அதுக்கும் பின்னால இன்னொண்ணு. கீழ்மாடிக் குழந்தைக்கு வானம் தெரியணும்னா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டணும். காசநோய் ஊரை மேய்ஞ்ச காலம். அதைப் பார்த்தவங்கதான் "வரிசையா நிறுத்து, வெயில் விழட்டும்"னு எழுந்தாங்க. ஜெர்மன் கட்டடக்கலைஞர் க்ரோபியஸ் கார்ல்ஸ்ரூ நகரத்து டாமர்ஷ்டாக்ல 1929-ல செஞ்சது அதைத்தான்: வரிசைகள் வடக்கு-தெற்கு, ஒரு பக்கம் காலை வெயில், மறுபக்கம் மாலை வெயில், எந்த வீடும் இன்னொரு வீட்டோட நிழல்ல கிடக்காது.

நோய்க்கு மருந்து குடுத்தவங்களை, மருந்து கசக்குதுன்னு மட்டும் திட்டுறோம்.

மார்செய்ல லெ கொர்பூசியே கட்டுன யூனித்தே குடியிருப்பு இன்னொரு உதாரணம். 1952-ல முடிஞ்சது, 337 வீடு. வீட்டோட அகலம் 3.66 மீட்டர்தான். ஆனா நடைக்கூடம் மூணு மாடிக்கு ஒண்ணு வர்றதால, பெரும்பாலான வீடு கட்டடத்தோட ஒரு முகத்துல இருந்து மறு முகம் வரைக்கும் ஓடும். ரெண்டு பக்கமும் காற்று. நடு உயரத்துல கடை வரிசை, மொட்டைமாடில குழந்தைகள் பள்ளியும் ஆழமில்லாத குளமும். நாலு வேலையைப் பிரிச்சாருன்னு திட்டுறீங்களே, அதே ஆள் இங்கே ஒரே கட்டடத்துல சேர்த்து வெச்சிருக்கார்.

முட்டுச்சந்து

மூலைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். மூலையில் வீடு வைக்காமல் படிக்கட்டு, அலுவலகம், கடை வைப்பதுதான் வழக்கமான தீர்வு. யூனித்தேயின் கடைவீதி நடுமாடியில் இருப்பது வேறு விதமான சிக்கல்: 337 வீடு ஒரு கடையைப் பிழைக்க வைக்காது. தெருவில் போகிறவன் லிப்ட் ஏறி வந்து சாமான் வாங்கமாட்டான்.

நிழல்கோணம்

இருவரும் காற்றையும் வெயிலையும் வார்த்தையாக மட்டும் பயன்படுத்துகிறீர்கள். அவற்றுக்கும் அளவு உண்டு.

முதலில் காற்று. சுற்றிலும் தாழ்ந்த வீடுகள், நடுவில் அவற்றைப் போல நாலு மடங்கு உயரத்தில் ஒரு தட்டைச் சுவர். காற்று மோதும்போது சுவரின் ஏறத்தாழ முக்கால் உயரத்தில் பிரிகிறது. மேல்பங்கு கூரையைத் தாண்டுகிறது. கீழ்ப்பங்கு சுவரோடு வழுக்கித் தரைக்கு இறங்குகிறது. உயரத்தில் காற்றின் வேகம் அதிகம் என்பதால், தரைக்கு வருவது தரைக் காற்று அல்ல, மேல்மாடிக் காற்று. அது இரண்டு மூலைகளிலும் சுழன்று விரையும். கட்டடம் தூண்கள் மேல் நின்றால் இன்னும் மோசம். முன்பக்கம் அழுத்தம் கூடி, பின்பக்கம் குறைந்து, இரண்டையும் இணைக்கும் ஒரே துவாரம் நீங்கள் நடக்கும் வழி.

கட்டடத்தின் அடியில் இருப்பவருக்குக் காற்று தாங்குமா என்று பார்க்க, லாசன் அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். உட்காரும் இடத்தில் காற்று நொடிக்கு 4 மீட்டரைத் தாண்டும் நேரம் மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நிற்குமிடத்துக்கு 6, உலாவும் இடத்துக்கு 8. நொடிக்கு 15 மீட்டரைத் தொட்டால் முதியவர்கள் விழுவார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2011-இல் ஓர் உயர்ந்த கட்டடத்தின் அடியில் லாரி காற்றில் சாய்ந்து, நடந்து போனவர் ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் தெருவுக்குக் குறுக்கே காற்றுத் தடுப்புகள் வைத்தார்கள். இரண்டு மூன்று மாடி உயரத்தில் அகலமான ஒரு மேடைக்கட்டடம் முதலிலேயே இருந்தால், இறங்கும் காற்று அதன் கூரையில் விழுந்து பக்கவாட்டில் போய்விடும். மரம் நட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். அந்தக் காற்றில் மரமே வளராது, ஒரு பக்கமாகச் சாயும்.

இதில் ஒரு வேடிக்கை. காற்றே அசையாத வெப்பமான ஊரில் இதே குறை வரமாகிறது. தூண்களுக்கு அடியில் நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கும், சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் கீழ்த்தளத்தைத் திறந்து விட்டது போல. ஆகவே "தூண் நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு ஊரின் காற்றுப் படம் இல்லாமல் பதில் கிடையாது. நவீனத்துவத்தின் மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான்: ஒரே கட்டடத்தை எல்லா ஊருக்கும் எழுதிக்கொடுத்தார்கள்.

அடுத்து வெயில். ஜன்னல் உயரம் ஒன்றரை மீட்டர், சூரியன் 60 பாகை உயரத்தில். சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும்? 1.5 வகுத்தல் டான் 60, அதாவது 87 சென்டிமீட்டர். முடியும். அதே ஜன்னல் மேற்கைப் பார்த்து, மாலையில் சூரியன் 20 பாகைக்கு இறங்கினால் 4.1 மீட்டர் வேண்டும். முடியாது. மேற்குக்குக் கிடைத்தட்டு உதவாது. செங்குத்துப் பலகையோ, திறந்து மூடும் அடைப்போதான் வழி. நாலு பக்கமும் ஒரே முகப்பு வைத்த கட்டடத்தைப் பார்த்தால், வரைந்தவர் வட திசை எது என்று கேட்கவில்லை என்று பொருள்.

சன்ஷேடு வைத்தவர்களும் ஒரு தவறு செய்தார்கள். கனமான கான்கிரீட் பலகையைச் சுவரோடு ஒட்டி வார்த்தார்கள். அது பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, இரவில் படுக்கையறைச் சுவருக்குள் விடும். நடுவில் ஒரு கை அளவு இடைவெளி விட்டு, அங்கங்கே மட்டும் இணைத்தால் சூடான காற்று அந்தச் சந்தில் மேலே போய்விடும்.

ஓதச்சுவர்

எல்லாரும் வரைபடத்துலயே நிக்கிறீங்க. கட்டி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஏணி வெச்சுப் பாருங்க.

வெறும் கான்கிரீட்டுக்கு எதிரி காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு. புதுக் கான்கிரீட் காரம், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. கார்பன் டை ஆக்சைடு உள்ள ஊற ஊறக் காரம் போயிடும். ஊறுற ஆழம் வருஷத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி போகும். சுமாரான கான்கிரீட்டுக்கு அந்த வர்க்கமூலத்தைப் பெருக்குற எண் 4 மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க. கம்பிக்கு மேல 20 மில்லி கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட், இருந்தா, கம்பியைத் தொட 25 வருஷம். கம்பியைத் தள்ளி நிறுத்துற கவர் பிளாக் வைக்காம கம்பி சென்டரிங் பலகையில சாய்ஞ்சு கவர் 10 மில்லி ஆயிட்டா? பன்னிரண்டரை வருஷம்னு தோணும். தப்பு. ஆறே கால் வருஷம். பாதிக் கவர், கால் ஆயுசு. துருவுக்கு இரும்பை விட இடம் ரெண்டு மூணு மடங்கு வேணும், அதான் மேல இருக்கிறது தெறிச்சு விழுது.

சோதிக்கச் சுலபமான வழி: ஓரமா ஒரு துண்டு உடைச்சு, புதுசா உடைஞ்ச முகத்துல ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிங்க. ரோஸ் கலர் ஆனா காரம் இருக்கு. நிறம் மாறாம இருந்தா அந்த ஆழம் வரைக்கும் போயிடுச்சு. ஸ்கேல் வெச்சு அளந்துக்குங்க. பழைய உடைப்புல தெளிச்சா ஏமாந்து போவீங்க, அது ஏற்கெனவே காத்துல கிடந்தது.

தட்டைக் கூரை. வாட்டம் எண்பதுக்கு ஒண்ணு கிடைக்கணும்னா நாற்பதுக்கு ஒண்ணுன்னு வரையணும், வேலையில பாதி தொலையும். இதைவிடப் பெரிய கோளாறு தண்ணி போற துவாரம். குழாய் மறைவா போகணும்னு தூண் பக்கத்துல வைப்பாங்க. தூண் மேல தளம் தொய்யாது. நடுவுலதான் தொய்யும், தண்ணியும் அங்கேதான் நிக்கும். துவாரம் மேட்டுல, தண்ணி பள்ளத்துல! கைப்பிடிச் சுவர்ல தண்ணித் தடுப்பு ஷீட்டை 150 மில்லி மேலே ஏத்தணும். அதுக்கும் தளத்து மேல பின்னால கல்லைப் பதிச்சு அந்த 150-ஐத் தின்னுடுவாங்க. லெ கொர்பூசியேவோட வில்லா சவோயி வீடு 1931-ல முடிஞ்சது, அதோட சொந்தக்காரம்மா கூரை ஒழுகுதுன்னு கடிதம் மேல கடிதம் போட்டது ஊரறிஞ்ச கதை.

கான்கிரீட் காதலன்

ஓதச்சுவர் அண்ணே, இதெல்லாம் வேலைக் குறை. ஓட்டுக்கூரை போட்ட வீடு ஒழுகுறதே இல்லையா? கொத்தனார் கவர் பிளாக் வைக்காததுக்குக் கட்டடக்கலையை ஏன் இழுக்கிறீங்க?

ஓதச்சுவர்

இழுக்கிறதுக்குக் காரணம் இருக்கு தம்பி.

பழைய கட்டடத்துல ஜன்னலுக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருக்கிற கல், மாடிக்கு மாடி ஓடுற பட்டை, உச்சியில துருத்துற கார்னிஸ். இதை எல்லாம் "அலங்காரம்"னு வெட்டி எறிஞ்சாங்க. அதுல பாதி அலங்காரம் இல்ல, தண்ணி வேலை. சுவர்ல வழியற மழையைச் சுவரை விட்டு வெளியே தள்ளிச் சொட்ட விடுற வேலை. அதை எடுத்துட்டா பத்து மாடி மழையும் ஒரே சுவர்ல வழியும். ஜன்னல் கண்ணாடி தண்ணியைக் குடிக்காது, எல்லாம் ஓரத்துக்கு ஓடி ரெண்டு கீழ்மூலையில இருந்தும் இறங்கும். வெறும் கான்கிரீட் கட்டடம் எதையாவது கிட்டப் போய்ப் பாருங்க: ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழயும் ரெண்டு கறுப்புக் கோடு, கண்மை கரைஞ்ச மாதிரி. நடுவுல சுத்தமா இருக்கும்.

இதுக்கு மருந்து சின்னது. நீட்டலோட அடிப்பக்கம், விளிம்புல இருந்து ஒரு அங்குலம் உள்ளே, 10 மில்லி அகலம் 10 மில்லி ஆழத்துல ஒரு காடி, அதாவது நீளவாக்குல ஓடுற சின்னப் பள்ளம். தண்ணி அங்கே வந்து அறுந்து சொட்டிடும். காடி சுவர் வரைக்கும் போய் முட்டக் கூடாது, முட்டினா அதுவே வாய்க்கால் ஆயிடும். இந்தக் காடிக்குக் கூட இடம் இல்லாத சுத்தமான முகப்பு வேணும்னு கேட்டது கொத்தனார் இல்ல.

குளிர் ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. உள்தளமும் பால்கனியும் ஒரே கான்கிரீட் பலகையா வெளியே நீண்டா, வீட்டுச் சூடு அது வழியா வெளியே போகும். தளம் சுவரைச் சந்திக்கிற மூலை குளிர்ந்து, மூச்சுக்காத்து அங்கே நீராப் படிஞ்சு, பூசணம் பிடிக்கும். குடியிருக்கிறவங்க ஜன்னல் திறக்கிறதில்லைன்னு குத்தம் சொல்லுவாங்க. பலகையை வெட்டி, நடுவுல வெப்பத்தடுப்பும் துருப்பிடிக்காத கம்பியும் வெச்ச துண்டைச் சேர்த்திருந்தா அந்தப் பேச்சே வராது.

முட்டுச்சந்து

காடி விஷயம் அருமை. வாசல்படியின் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ப்ரூயிட்-ஐகோவில் 33 கட்டடம், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடு. லிப்ட் 1, 4, 7, 10 மாடிகளில் மட்டும் நின்றது. மற்ற மாடிக்காரர்கள் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். லிப்ட் நின்ற மாடியில் நீண்ட கூடம், அங்கே மக்கள் கூடிப் பேசுவார்கள் என்று எண்ணினார்கள். கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நியூமன் அங்கே கவனித்தது இது: இரண்டே குடும்பம் பகிர்ந்துகொண்ட படித்தளம் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. 20 குடும்பம் பகிர்ந்த கூடம் பாழ். 150 குடும்பம் பகிர்ந்த லிப்டும் நுழைவும் படுபாழ். அதே மனிதர்கள், அதே கட்டடம். எங்கே "இது நம்முடையது" என்று சொல்ல முடிந்ததோ அங்கே ஒழுங்கு இருந்தது.

கான்கிரீட் காதலன்

நியூமன் சொன்னதுல பாதியைச் சொல்லிட்டீங்க, பணத்தை விட்டுட்டீங்க. பராமரிப்புச் செலவு முழுக்க வாடகையில இருந்து வரணும்னு ஏற்பாடு. ஊர்ல ஜனத்தொகை சரிஞ்சது, வீடு காலியாச்சு, வாடகை குறைஞ்சது, லிப்ட் ரிப்பேருக்குக் காசில்ல. அதை வரைஞ்ச கட்டடக்கலைஞர் மினோரு யமசாகி முதல்ல போட்ட திட்டத்துல தாழ்ந்த வீடும் உயர்ந்த கட்டடமும் கலந்து இருந்தது. செலவைக் குறைக்கணும்னு எல்லாத்தையும் 11 மாடி ஆக்கினது அரசாங்கம்.

முட்டுச்சந்து

பணம் முக்கியம்தான். ஆனால் சாலைக்கு மறுபக்கம் கார் ஸ்கொயர் வில்லேஜ் என்ற தாழ்ந்த வரிசைவீடுகள் இருந்தன. அதே ஊர், அதே வகைக் குடும்பங்கள், அதே சரிவுக் காலம். அது காலியாகவில்லை. பணம் வற்றும்போது எது தாங்கும், எது தாங்காது என்பதில்தான் வடிவத்துக்கு வேலை. வரிசைவீட்டுக்கு லிப்ட் கிடையாது, ரிப்பேரும் கிடையாது. பார்பிகனுக்குக் காசு கட்டக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டு அதே கோபுரங்களைப் பத்து வருடம் விட்டுப் பாருங்கள்.

கான்கிரீட் காதலன்

சரி, இந்த இடத்துல ஒரு படி இறங்கறேன். ஆனா அமெரிக்காவுல டெட்ராய்ட்ல லஃபாயெட் பார்க் குடியிருப்பு இருக்கே? கட்டடக்கலைஞர் மீஸோட இரும்பும் கண்ணாடியும், நகரத் திட்டக்காரர் ஹில்பர்சைமரோட மனைப்படம், 1950களோட கடைசியில எழுந்தது. ஊரே காலியானப்பவும் அது நின்னுச்சு. அங்கே கோபுரமும் இருக்கு, தரையோட ஒட்டின வீடும் இருக்கு. கார் நிறுத்துற இடத்தைச் சுமார் ஒரு மீட்டர் பள்ளமா வெட்டிட்டாங்க. வீட்டுல உட்கார்ந்து பார்த்தா கார் மறைஞ்சு மரம் மட்டும் தெரியும். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கால்ட்வெல் நட்ட மரங்கள் இப்ப கூரையைத் தாண்டிடுச்சு. பாணியை ஒரு துளிகூட மாத்தல, தரையை மட்டும் யோசிச்சாங்க.

முட்டுச்சந்து

அதைத்தான் நானும் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாசல்படி

அப்போ நடைமுறைக்கு வருவோம். ஏற்கெனவே நிக்கிற கட்டடம்: பத்து மாடி நீளக் கட்டடம், கீழ்த்தளம் முழுக்கச் சாமான் அறையும் குருட்டுச் சுவரும், சுத்தி யாரும் போகாத புல்வெளி, தட்டைக் கூரை. இடிக்கப் போறதில்ல, காசும் கொஞ்சம்தான். எதை முதல்ல செய்வீங்க?

ஓதச்சுவர்

கூரையும் லிப்டும். இது ரெண்டும் சரியில்லாம கீழ பூச்செடி வெச்சா ஜனம் சிரிக்கும்.

முட்டுச்சந்து

அதற்கு அடுத்து கீழ்த்தளம். ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மீர் குடியிருப்பில் இதே நோய்: தரையில் சாமான் அறை, வாகனச் சாலை தூக்கி வைத்த பாலத்தில், நடப்பவர் தனியே கீழே. பல கட்டடங்களை இடித்தார்கள், சாலையைத் தரைக்கு இறக்கினார்கள். க்ளைபர்க் என்ற 400 மீட்டர் நீளக் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் காப்பாற்றியபோது, சாமான் அறைகளை ஒவ்வொரு மாடியிலும் லிப்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டுக் கீழ்த்தளத்தை வீடாக்கினார்கள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை: கீழ்வீட்டுக்குத் தெருவிலிருந்தே நேர்வாசல். வாசலுக்கு முன் இரண்டு முதல் மூன்று மீட்டர் சொந்தத் திண்ணை அல்லது தோட்டம். அதைவிட அகலமானால் வேலி உயரும், குறைந்தால் திரைச்சீலை நிரந்தரமாக மூடியிருக்கும். உள்தரை தெருவைவிட அரை மீட்டர் உயர்ந்தால் நடப்பவர் கண்ணும் உட்கார்ந்திருப்பவர் கண்ணும் நேராகச் சந்திக்காது. சக்கர நாற்காலிக்குப் பின்பக்கமாகச் சாய்வழி.

புல்வெளியில் ஒற்றை பெஞ்சு போட்டுப் பயனில்லை. நகர ஆய்வாளர் வில்லியம் ஒயிட் நியூயார்க்கின் திறந்தவெளிகளைப் படம் பிடித்து ஆராய்ந்து சொன்னது, 30 சதுர அடி வெளிக்கு ஓர் அடி நீளம் உட்காருமிடம். 1975-இல் அந்த ஊரின் விதியிலேயே அது ஏறியது. அதற்கு முந்தைய 1961 விதி, வெளியிடம் விட்டால் கூடுதல் தளம் கட்டிக்கொள்ளலாம் என்றது, உட்கார இடம் கேட்க மறந்துவிட்டது. வெறும் கல்தரைகள்தான் கிடைத்தன.

மட்டக்கோல்

சுவரில் வாசல் வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை.

கட்டடம் தூண்-உத்திரச் சட்டமா, வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளா என்று முதலில் பாருங்கள். பலகைக் கட்டடத்தில் குருட்டுச் சுவரே தூண். 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயின்ட் என்ற பலகைக் கட்டடத்தில், 22 மாடியில் 18-ஆவது மாடி மூலை வீட்டில் எரிவாயு வெடித்தது. ஒரு சுமைச்சுவர்ப் பலகை வெளியே போனது. மேலே உள்ளவை விழுந்தன, அந்தப் பாரத்தில் கீழே உள்ளவையும் விழுந்தன, மூலை முழுக்கத் தரை வரை. நாலு பேர் இறந்தார்கள். 1986-இல் பிரித்து எடுத்தபோது, சாந்து நிரம்பியிருக்க வேண்டிய சில ஜாயின்ட்களில் செய்தித்தாள் கிடந்தது.

ஆகவே வாசல் வெட்டும் முன் இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் போட்டு, அது பாரத்தை ஏற்ற பிறகே பலகையை அறுக்க வேண்டும். மேல்மாடியில் அந்தச் சுவரின் தொடர்ச்சி இருக்கிறது என்பதை மறந்துவிட்டு "ஒரு கதவுதானே" என்பார்கள். எரிவாயுக் குழாய் இருந்தால் அகற்றிவிட்டு மின்அடுப்புக்கு மாறுவது நல்லது.

நிழல்கோணம்

இன்னும் காசு மிஞ்சினால் முகப்பு. பிரான்சின் போர்தோவில் கிரான் பார்க் குடியிருப்பின் மூன்று கட்டடங்களில், 530 வீடு, கட்டடக்கலைஞர்கள் லகாத்தோனும் வசாலும் மற்றவர்களோடு சேர்ந்து செய்தது பின்பற்றத்தக்கது. பழைய முகப்புக்கு வெளியே தனியாக நிற்கும் சட்டகம், அதில் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடி அடைத்த தாழ்வாரமும் பால்கனியும். பழைய சின்ன ஜன்னலை எடுத்துத் தரை வரை நகரும் கதவு. குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. மட்டக்கோலின் பயத்துக்கும் அதில் பதில் உண்டு: புதுப் பாரம் பழைய சுவரில் ஏறாது, தன் அடித்தளத்தில் நிற்கும். வெப்பமான ஊரில் இதை அப்படியே எடுக்காதீர்கள். கண்ணாடியை விட்டுவிட்டு நிழல்பலகை மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் அடுப்புக்குள் குடியிருப்பீர்கள்.

கான்கிரீட் காதலன்

கீழ்த்தளத்துல கடை வைக்கிறதா இருந்தா எந்தப் பக்கம் திருப்புறது? பிரேசில் தலைநகர் பிரசிலியாவுல, நகரத்தைத் திட்டமிட்ட லூசியோ கோஸ்டா கடைகளைக் குடியிருப்புப் பக்கம் பார்க்க வெச்சார், சரக்கு இறக்க மட்டும் பின்பக்கச் சாலை. கடைக்காரங்க பின்பக்கத்தை முன்பக்கம் ஆக்கிட்டாங்க, ஜனம் வர்ற பக்கம் வாசல்.

முட்டுச்சந்து

அப்படியானால் முதலிலேயே சாலைப் பக்கம் வையுங்கள். எங்கே ஏற்கெனவே ஒற்றையடிப் பாதை தேய்ந்திருக்கிறதோ அந்த முனையில் முதல் கடை.

வாசல்படி

ஓதச்சுவர் அண்ணே, அந்தப் புதுச் சட்டகத்துல ஒவ்வொரு மாடிப் பலகைக்கும் அடியில காடி வேணுமா?

ஓதச்சுவர்

ஒவ்வொண்ணுக்கும் வேணும். அச்சுலயே பட்டை வெச்சு வார்க்கச் சொல்லுங்க, பின்னால மிஷின் வெச்சு அறுத்தா கம்பி மேல இருக்கிற கவர்ல 10 மில்லி போயிடும். அப்புறம் அதே ஆறே கால் வருஷக் கதைதான்.